எதிராளியின் கையெழுத்து

கட்டுரையின் இரண்டாம் பக்கத்தை மட்டும் உருவி, அண்ணனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை மேசைமேல் வைத்தேன்.

ஆறு வருஷமாக அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. வந்த விஷயத்தை இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பதாகத் திட்டம்.

மாலை வகுப்பில் எங்களுக்குத் தத்துவக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் பேராசிரியைக்கு ஒரு விதி உண்டு. எதிராளியை மறுப்பதற்கு முன்னால், அவர் தரப்பை அவரே எழுதியதுபோல எழுத வேண்டும். படித்தால் அவர் கையெழுத்தே போட வேண்டும் என்பார்.

மற்றவர்கள் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவள். கட்டடத்துக்காரரிடம் கையெழுத்து வாங்காமல் எந்த வேலையையும் முடிந்தது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் கேள்வி இதுதான்: சாகப்போகிறவரிடம் அவருடைய நோயை மறைக்கலாமா?

எதிராளி, அண்ணன். அம்மாவுக்குப் புற்றுநோய் என்பதை அம்மாவிடமும் மறைத்தான், என்னிடமும் மறைத்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவன் பீரோவில் ரிப்போர்ட் கிடைத்தது. தன் சாவு தனக்கே தெரியாமல் ஒரு மனுஷி போய்ச் சேர்ந்தாளே என்று, சொந்தக்காரர்கள் முன்னால் அவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். அவன் வாயே திறக்கவில்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, கட்டுரை பிரமாதமாக வந்திருந்தது. முதல் தடவை எழுதியபோது அண்ணன் தரப்பை இரண்டே வரியில் முடித்திருந்தேன். 'இவ்வளவு பெரிய முட்டாளோடு எதற்குச் சண்டை?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் பேராசிரியை. நான்கு முறை திருத்தினேன். நான்காம் முறை படித்தபோது எனக்கே அவன் சொல்வது சரியென்று பட்டது. பட்டால் என்ன, அடுத்த நான்கு பக்கங்களில் அவனைத் தவிடுபொடியாக்கியிருந்தேன்.

அண்ணன் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டுப் படித்தான். இரண்டு முறை படித்தான்.

பேனாவை நீட்டினேன்.

ஒரு வரியில் நிறுத்தினான். 'தெரிந்திருந்தால், மிச்சமிருந்த நாட்களை அம்மா அழுதே கழித்திருப்பாள்.' அதில் 'அம்மா'வை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் 'தங்கை' என்று எழுதினான். பிறகு கீழே கையெழுத்துப் போட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. தினம் சாயங்காலம் வந்து கலாட்டா பண்ணி சிரிக்க வச்சுட்டுப் போவியே, அது நின்னுடும்னாங்க."

அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த மறுப்புப் பக்கங்களைப் பார்த்தேன். தன் நோயை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை நோயாளிக்கு மட்டுமே உண்டு, வேறு எந்தக் கொம்பனுக்கும் கிடையாது என்று நான்கு பக்கத்துக்கு அடித்துச் சொல்லியிருந்தேன்.

வாதத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. அண்ணன் செய்தது சரி என்று என்னைவிட நன்றாக யாராலும் எழுதியிருக்க முடியாது.