கேப்டனின் கரிசனம்

"தொண்டை ஏன் இப்படிக் கட்டியிருக்கு? மருந்து ஏதாவது சாப்பிட்டியா?"

ஹாலிலிருந்து கணவனின் குரல் குழைந்து வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இப்படி ஒரு விசாரிப்பா! பதில் சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

"ஒண்ணுமில்ல கேப்டன், இந்தக் கிரகத்துத் தூசி" என்றது டிவி.

கத்தி மறுபடி வெங்காயத்தில் இறங்கியது.

அவன் கூரியர் ஆபீஸில் சூப்பர்வைசர். அங்கே பத்துத் தடவை கத்தினாலும் ஒரு பார்சல் இடம் மாறாது. ஆனால் இந்த விண்வெளி வீடியோ விளையாட்டு தமிழ் பேச ஆரம்பித்ததிலிருந்து, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அவன் கேப்டன். கப்பலில் ஆறு பேர். திரும்பின பக்கமெல்லாம் "உத்தரவு கேப்டன்!"

ஒவ்வொரு சண்டை முடிந்ததும் கேப்டன் கப்பலைச் சுற்றிவந்து எல்லாரையும் நலம் விசாரிக்க வேண்டும். என்ன பேசலாம் என்று திரையில் மூன்று வரிகள் வரும். ஒன்றை அழுத்த வேண்டும். அவன் அழுத்துவதோடு நிற்காமல் வாய்விட்டும் சொல்வான், அதிலும் மெக்கானிக் பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் தேன் தடவி. அவளுடைய தங்கை எந்தக் கிரகத்தில் படிக்கிறாள் என்பது வரை அவனுக்கு அத்துப்படி.

மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும், "ஏதோ பேசற வேலை" என்பான். நாள் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்று, ஒரே வாக்கியத்தை இருபது தரம் சொல்லிவிட்டு வருகிறவள் அவள். வீடு திரும்பினால் வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். போன மழைக்குத் தொண்டை கட்டி, இருமிக்கொண்டே பத்து நாள் வேலைக்குப் போய்வந்தாள். "வீடு எவ்வளவு அமைதியா இருக்கு!" என்று அவன் ரசித்தான்.

அவன்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. விளையாட்டில் தப்பாகப் பேசிவிட்டால் முந்தின நிமிஷத்துக்கே திரும்பிப் போய் வேறு வரியை அழுத்தலாம் என்றால், அப்படி ஓர் உலகம் யாருக்குத்தான் பிடிக்காது? அந்த வசதி தனக்கும் இருந்தால், "பரவாயில்லங்க" என்று தான் சொன்ன இடங்களுக்கெல்லாம் ஒரு நடை போய்வரலாம் என்று தோன்றியது.

"ஏய், சீக்கிரம் இங்க வாயேன்!"

ஈரக்கையோடு ஓடினாள். அவன் கண் கலங்கியிருந்தது. கப்பல் வெடிக்கப்போகிறது. மற்றவர்கள் தப்பட்டும், நான் இருந்து இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் மெக்கானிக்.

"தப்பா அழுத்தினா அவ போயிடுவா. இந்த ஒரு இடத்துல மட்டும் திரும்பப் போகவும் முடியாதாம். 'இது என் உத்தரவு, கிளம்பு', 'உன்னை என்னிக்கும் மறக்கமாட்டேன்', 'உனக்கு என்ன வேணும்?' இதுல எதைச் சொல்ல?"

"மூணாவது."

"அது வெறும் கேள்விடி! உத்தரவு போட்டாத்தானே கேட்பா?"

"கேட்டுத்தான் பாருங்களேன். இதுவரைக்கும் யாரும் அவகிட்ட அதைக் கேட்டதே இல்ல."

அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அழுத்தினான். மெக்கானிக் இன்ஜினை விட்டுத் திரும்பினாள். அப்புறம் கரகரத்த குரலில், "எனக்கு வீட்டுக்குப் போகணும், கேப்டன்" என்று சொல்லிவிட்டு, தப்பிக்கும் ஓடத்துக்குள் தாவி ஏறினாள்.

அவன் சோபாவிலிருந்தே துள்ளிவிட்டான். "எப்படிடி கண்டுபிடிச்ச? நீ இதைத் தொட்டதுகூட இல்லையே!"

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்டி அவ" என்று அவன் மூக்கை உறிஞ்சினான். "அந்தத் தூசியில தொண்டை அப்படிக் கட்டியும் எப்படி உருகிப் பேசறா பாரு!"

"அது தூசி இல்லீங்க. போன மழைக்கு எனக்குப் பிடிச்ச சளி."