ஊசி தொடாத இடம்

அப்பாவின் ஈரலிலிருந்து ஊசி எடுத்த சதை, சின்னப் பாட்டிலுக்குள் நகத்தளவு நூலாகக் கிடக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பயமாகவும் இருக்கிறது, பார்க்க ஆசையாகவும் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். குத்திய இடத்தில் ரத்தம் கசியாமலிருக்க அப்பா வலப்பக்கம் அழுந்தப் படுத்திருக்கிறார். "இத்தனை வருஷமா உள்ள குடியிருக்கற வைரஸுக்கு இத்துனூண்டு சாட்சிதானா?" என்று அவர் கேட்க, டாக்டரம்மா சிரிக்கிறார். "இதுல வைரஸ் போட்ட தழும்பு இல்லைன்னா அப்பாவுக்கு ஒண்ணுமில்லதானே, டாக்டர்?" என்கிறேன். "இந்த இடத்துல இல்லைன்னு அர்த்தம்மா. ஊசி தொடாத இடத்தைப் பத்தி இது அடிச்சுச் சொல்லாது." அப்பாவின் சட்டை மூச்சோடு ஏறி இறங்குகிறது. அதற்கடியில் இருக்கும் மீதி ஈரலையே இமைக்காமல் பார்க்கிறேன். "என்னடி, எக்ஸ்ரே எடுக்கறியா?" என்று முனகிக்கொண்டே அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறார்.