சாவி கொடுக்காத குரங்கு

பெட்டியை அவள் திறந்ததும் தியாகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அறுபத்திரண்டு வயது. பேரன் பேத்தி எடுத்த தம்பி.

அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

உள்ளே தகரக் குரங்கு. சிவப்புச் சட்டை, கழுத்தில் மேளம், இரண்டு கையிலும் குச்சி. சாவி தனியாக ஒரு காகித மடிப்புக்குள்.

அப்பாவின் வீட்டைக் காலி செய்கிறார்கள். பழைய பீரோவுக்கு விலை பேச வந்த கடைக்காரர் பீரோவை மறந்தே போனார்.

"ஜப்பான் சரக்கும்மா. ஒரு கீறல் இல்லை. சாவியே கொடுத்ததில்லை போலிருக்கே."

"எங்கப்பா பினாங்கிலேர்ந்து எனக்குன்னு வாங்கிட்டு வந்தது," என்றான் தியாகு.

"அப்புறம் எப்படி சார் இப்படிப் புதுசா இருக்கு?"

"அக்கா வெச்சிருந்தா. என் கைக்கு வந்திருந்தா அன்னிக்கே தலை வேற, மேளம் வேற."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அம்மா இல்லாத வீடு. பதினாலு வயதில் பீரோ சாவி அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. மறுபடி கப்பலேறப் போன அப்பா, வாசலில் நின்று சொன்னது ஒன்றே ஒன்று.

தம்பி கேட்டா எடுத்துக் குடும்மா.

தம்பி கேட்டான். தினம் கேட்டான்.

தொடாதடா, கெட்டுப்போயிடும்.

பம்பரத்தை உடைத்தவன், ஊதலை மிதித்தவன். இதையாவது காப்பாற்றுவோம் என்று நினைத்தாள். பிறகு அது காப்பாற்றுவதாக மட்டும் இல்லை. சாவி தன்னிடம் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, பெட்டி வெளியே வரும். அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் பக்கத்தில் உட்காரும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் பார்க்கலாம்.

ஒரு வருஷம் ரொம்பக் கெஞ்சினான். பெட்டிக்குப் பொட்டு வைக்க மட்டும் விட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவன் கேட்கவில்லை. அப்புறம் எப்போதுமே கேட்கவில்லை.

கடைக்காரர் மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதான் ஒரே குறை. ஓரத்துல ஏதோ சிவப்பா ஒட்டியிருக்கு. துடைச்சா போயிடும்."

ஒரு சின்ன விரலின் அகலம்.

"துடைக்காதீங்க," என்றாள். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"சரிம்மா. அப்படியே இருந்தாலும் அம்பதாயிரம் தரேன். விளையாடின பொம்மைன்னா ஆயிரம் தேறாது. பிள்ளைங்க கை படாததுக்குத்தான் இந்த விலை."

தியாகு தலையாட்டினான். நல்ல விலைதான் என்பதுபோல.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். சாவி அவள் நினைத்திருந்ததைவிடச் சின்னது. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இந்தாடா. முடுக்கு."

"அம்மா, ஒரு சுத்து சுத்தினாலே பாதி விலை போயிடும்," என்றார் கடைக்காரர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"நீ கேட்டா குடுக்கணும்னுதான் அப்பா சொல்லிட்டுப் போனார், தியாகு."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

சாவியைப் பார்த்தான். குரங்கைப் பார்த்தான். அது இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்தபடி இருந்தது.

"வேணாம்க்கா," என்றான். "கெட்டுப்போயிடும்."

கைகள் பின்னாலேயே இருந்தன.