நாலாவது டாக்டர்

"ஒருத்தர் ஆட்டிசம்னார். அடுத்தவர் டிப்ரஷன்னார். மூணாவது ஆளு ஸ்கிசாய்டுன்னு வாயில நுழையாத பேரா சொல்றார். முப்பது வயசாச்சு, வீட்ல இவன் வாயையே திறக்கிறதில்ல டாக்டர்! செவுத்தோட பேசிப் பேசி எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்!"

அம்மா மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். மகனோ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவளை ஒருவழியாக வெளியே உட்காரவைத்துவிட்டு அவனிடம் கேட்டார். "தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கா?"

"இல்ல. அதுதான் பிடிச்சிருக்கு."

"அப்புறம் எதுக்குப்பா டாக்டர் டாக்டரா அலையறே?"

அவன் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"அப்பா போனப்புறம் அம்மாவுக்குப் பேச ஆளே இல்ல. எனக்கும் பேச வரல. நீங்கள்லாம்தான் அவங்க சொல்றதைக் காதுகொடுத்துக் கேக்கறீங்க."

கதவுவரை போனவன் திரும்பிக் கெஞ்சினான்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். அடுத்த வாரமும் வரச் சொல்லுங்க."