ஈரக் கயிறு

"மழை வுடட்டும்மா. இப்ப இன்னா அவசரம்?" என்றான் கண்ணையன்.

"மழை பெஞ்சா கெணத்து வேலை நின்னுடுமா அண்ணே?" தனக்கொடி தலையில் கவிழ்த்திருந்த கோணியை உதறிவிட்டு, அவனுக்கு முன்னால் குகைக்குள் நுழைந்தாள்.

ஊசுட்டேரிக்கு அப்பால், செம்பாறாங்கல் வெட்டி வெட்டி மேட்டில் உண்டான குகை அது. உள்ளே கொஞ்சம் தள்ளி, கிணறு போல ஒரு பள்ளம் செங்குத்தாக இறங்கும். கூரையெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் மாரிமுத்து போன ஐப்பசியில் தூர் வாரப் போன இடத்தில், கிணற்றில் விழுந்து செத்துப்போனான். வடம் ஈரத்தில் நழுவிவிட்டது என்றார்கள். "பொழைக்க வழி வேணும். கயிறு புடிக்கக் கத்துக்குடுங்க, உங்க கூடவே வேலைக்கு வரேன்" என்று அவள் வந்து நின்றபோது, கண்ணையனுக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொடுத்தான்.

"வடத்த முதுகச் சுத்தி வாங்கிக்கோ. கால அந்தப் பாறையில முட்டுக் குடு. கொஞ்சம் கொஞ்சமா வுடணும்."

"கை வழுக்கினா?"

"வழுக்கினாலும் முதுகு தாங்கிக்கும். வுழாது."

மணல் மூட்டையைக் கட்டி இறக்கினாள். ஏற்றினாள். மறுபடி இறக்கினாள். கரும்பு வெட்டிக் காய்த்த கை, சீக்கிரமே பழகிக்கொண்டது.

"போதும்மா. வூட்டுக்குப் போவலாம்."

"மூட்டைக்கு உசிரு இல்லியே அண்ணே. ஆள் எறங்கினாத்தான எனக்கு நம்பிக்கை வரும்?"

கண்ணையன் தயங்கினான். பிறகு மூட்டையை அவிழ்த்துவிட்டு வடத்தைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு விளிம்பில் இறங்கினான்.

"வுடு... மெதுவா... அப்படித்தான்."

வடம் ஒரே சீராக இறங்கியது. ஒரு குலுக்கல் இல்லை. தலையில் சொட்டும் தண்ணீரைத் துடைத்தபடி அண்ணாந்து பார்த்தான். இவளுக்கு ஒரு பிழைப்பைக் காட்டிவிட்டோம் என்று நினைத்தபோது, ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது.

பாதிப் பள்ளத்தில் வடம் நின்றது.

"வுடும்மா."

வடம் அசையவில்லை. காலுக்குக் கீழே இருட்டு.

"தனக்கொடி, இன்னா ஆச்சு? கை வலிக்குதா?"

"வலிக்கல அண்ணே." மேலிருந்து வந்த குரலில் கோபம் இல்லை. "என் கையும் ஈரந்தான், வடமும் ஈரந்தான். எனக்கு நழுவல. அன்னிக்கி எம்புருஷன எறக்கறப்ப, உங்க கையில மட்டும் எப்பிடி நழுவுச்சி?"