பிழையில்லாத மனு

"அக்கா, 'கொடுமைக்காரர்'னு போட்டா காரம் பத்தாது. 'கொடுங்கோலன்'னு போடுங்க!" என்றான் குண்டன்.

இணையக் கலைக்களஞ்சியம் நடத்தும் அலுவலகம் அது. அக்காவும் மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, ஒரே கோப்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான கட்டுரை இல்லை. மேலாளரை மாற்றச் சொல்லித் தலைமையகத்துக்குப் புகார் மனு.

மேலாளருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொம்பு'. நிலநடுக்கத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தாலும், எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்க்க மாட்டார். எங்கே கொம்பு விட்டுப்போச்சு என்றுதான் தேடுவார். அப்பேர்ப்பட்ட மொழித் தொண்டு! அக்கா எழுதுவதில் பிழை தாங்கவில்லை, மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்று மேலிடத்துக்குச் சொல்லியும் விட்டார். அதற்குள் அவர் மாறினால்தான் அக்காவுக்கு வேலை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

"ஐயோ, இதுலயும் தப்பு இருந்தா மானம் போயிடுமேடா!" என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

காலையில் கோப்பைத் திறந்தால், மனு குளித்துத் தலைசீவி நின்றது. மருந்துக்கும் பிழை இல்லை. திருத்தியவர் 'பெயர் தெரியாதவர்'.

"வேற யாரு? நம்ம கமுக்கம்தான்," என்று மூலை மேசைக்காரனைக் காட்டினான் குண்டன்.

"என் வயித்துல பால வார்த்தேடா! நல்லாயிரு!"

கமுக்கம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா வாங்கித் தந்த காபியைக் குடித்தான். மனு அன்றே போனது.

அடுத்த வாரம் பதில் வந்தது. கொம்பே கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'இவ்வளவு நீள மனுவில் ஒரு பிழைகூட இல்லை. ஊழியர்களை இப்படி எழுதப் பழக்கியவரை எதற்கு மாற்றுவது? அவரே தொடரட்டும். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதும் அவர் விருப்பம்.'"

அக்கா கமுக்கத்தின் பக்கம் திரும்பினாள். "அடப்பாவி, என் வேலைக்கு உலை வச்சிட்டியேடா! உன்னை யாருடா திருத்தச் சொன்னா?"

"நான் தொடவே இல்லக்கா. காபி குடுத்தீங்க, குடிச்சேன்."

கொம்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனை ஏம்மா திட்டுறே? ஆபீஸ் கோப்பு எனக்கும்தான் திறக்கும். என்னைக் கொடுங்கோலன்னு எழுதினீங்க, சரி. அதுலயும் கொம்பை விட்டுட்டா, பார்த்துட்டு நான் எப்படிம்மா சும்மா இருக்கிறது?"