பத்தாவது குழந்தை

மரம் ஏறி, மண்ணில் புரண்டு வளரட்டும் என்றுதான் இதழினியைச் சென்னையிலிருந்து இந்தக் கிராமத்துக்கு அழைத்து வந்தோம். ஊரில் எத்தனை குழந்தைகள் என்று காட்டும் பலகை பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது. நாங்கள் வந்த அன்று அது ஒன்பதிலிருந்து பத்தானது. அரசு விதிப்படி பத்துக் குழந்தைகளாவது இருக்கும் ஊருக்குத்தான் பள்ளிக்கூடம், பஸ், நர்ஸ் எல்லாம். எங்களுக்கு ஊரே கூடி ஆரத்தி எடுத்தது.

இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு மரம்கூட ஏறவில்லை. கொய்யா மரத்தில் கால் வைத்தாலே எதிர்க்கடைப் பேச்சியக்கா ஓடி வந்துவிடுவார்.

"எறங்கு தாயி! ஒனக்கு ஒண்ணுன்னா நாங்க எங்க போவோம்?"

நேற்று அவள் இரண்டு முறை தும்மியதற்கு நான்கு வீடுகளிலிருந்து கஷாயம் வந்தது. அன்புதான். அதை முழுதாக நம்ப முடியாதது என் மனதின் கோணலோ என்னவோ.

இன்று காலை தலை பின்னும்போது கேட்டேன். "சென்னைக்கே திரும்பிப் போயிடலாமாடி?"

"நெஜமாவாம்மா?" என்று சிரித்தபடி துள்ளித் திரும்பினாள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல வடிந்தது.

"வேணாம்மா," என்றாள் என் ஆறு வயது மகள். "பேச்சிப் பெரியம்மா ரத்தம் சுத்தம் பண்ண அந்த பஸ்லதான் டவுனுக்குப் போறாங்க. நான் போயிட்டா பஸ் வராது."